புளி மூட்டையும் தீர்மான நோட்டும்: சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள்

மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறும்போது எங்களிடம் இருந்தவை: கொட்டை எடுத்த புளி 40 கிலோ, கேழ்வரகு மாவு 20 கிலோ, சித்தேரி மலைச் சாமை ஒரு மூட்டை, ராகி முறுக்கு இரண்டு டின், ஆயாவின் வெற்றிலைப் பை. இவை போக என் தோள்பையில் ஒரு தடி நோட்டு. முனை மழுங்கிய அட்டை, அதன் மேல் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த மஞ்சள் குங்குமக் கறை. எங்கள் தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவுடைய தீர்மான நோட்டு அது.

"ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே சித்தி" என்றேன், தோள் வலியில்.

"எழுதறவ நீ இங்க வர. நோட்டு மட்டும் அங்க இருந்து என்ன பண்ணும்? பத்தாம் தேதி வருதில்ல?"

பத்தாம் தேதி என்றால் குழுக் கூட்டம். 1998 இல் குழு தொடங்கியதிலிருந்து அந்தத் தேதி மாறியதில்லை. கொரோனா சமயத்தில்கூட மாரியம்மன் கோயில் திடலில் ஆளுக்கு ஒரு மூலையாக உட்கார்ந்து நடத்தினார்கள். இந்த மாதப் பத்தாம் தேதி நாங்கள் சென்னையில் இருப்போம். அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர் அரூர் பக்கம். பெயர் வேண்டாம், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். வந்திருப்பது நாலு பேர். சித்திதான் ஊக்குநர், அதாவது குழுவை முன்நின்று நடத்துபவர். ஆயா எனக்குச் சொந்தப் பாட்டி இல்லை, தெருவுக்கே ஆயா. தொடங்கிய நாளில் இருந்த பன்னிரண்டு பேரில் இன்னும் உறுப்பினராக நீடிப்பவர்களில் மூத்தவர். மூன்றாவது, தையல் அக்கா. நான் உறுப்பினர் இல்லை. பி.காம் முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டிருக்கிறேன். குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன், மாதம் 300 ரூபாய் தருகிறார்கள். சென்னை பார்க்கலாம் என்ற ஆசையில் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

விடிவதற்கு முன்பே சென்ட்ரல். மூட்டைகளைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் சொன்ன வாடகைக்குச் சித்தி பதிலே சொல்லவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரத்தில் பவானி ஜமுக்காளம் கொண்டுவந்த ஈரோட்டுக் குழு ஒன்று அதே இடத்துக்குப் போவது தெரிந்தது. சேர்ந்து ஒரு குட்டி யானை பிடித்தோம். ஜமுக்காளக் கட்டின் மேல் உட்கார்ந்துதான் நான் முதல்முதலாக மவுண்ட் ரோட்டைப் பார்த்தேன். கடையெல்லாம் பூட்டியிருந்தது.

இடம்: நுங்கம்பாக்கம், வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலை, அன்னை தெரசா மகளிர் வளாகம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் நவராத்திரி விற்பனைக் கண்காட்சி. கொலு சமயம் என்பதால் பொம்மைதான் ராஜா. எங்களுக்கு இடப்பக்கம் பத்தமடைப் பாய், வலப்பக்கம் பண்ருட்டிப் பொம்மை. தசாவதாரத்துக்கும் பாய்க்கும் நடுவில் எங்கள் புளி.

மதியம் ஒரு கல்லூரிப் பெண் நோட்டும் பேனாவுமாக வந்தாள். புராஜெக்டாம். "உங்க பிசினஸ் மாடல் என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள். சித்தி என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். ஆயா சொன்னார்: "மாசம் பத்தாம் தேதி உட்காருவோம் கண்ணு. காசு போடுவோம். யாருக்கு வேணுமோ எடுத்துக்குவாங்க. திருப்பிக் கட்டுவாங்க. எழுதி வெச்சுக்குவோம்."

அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள். வங்கிக்காரர்கள் எங்களுக்குப் பயிற்சியில் பஞ்ச சூத்திரம் என்று சொல்லிக்கொடுத்ததும் அதே ஐந்துதான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, கணக்கு. ஆயா அந்தப் பயிற்சிக்கு வரவில்லை.

இன்றைய விற்பனை 1,140 ரூபாய். எங்கள் வருகைக்காகக் குழு தந்த முன்பணம் 6,000. கவலைப்படும்படிதான் ஆரம்பம்.

இரண்டாம் நாள்

காலையில் மைக்கில் ஒருவர் பேசினார். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில், 1989 இல் என்றார். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கே ஆரம்பித்து, பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்து, 1997-98 இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் போனது. இதைக் கேட்டதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்து பண்ருட்டிக்காரம்மாவைப் பார்த்த பார்வை! ஏதோ 1989 இல் தானே கொடியசைத்துத் தொடங்கிவைத்தது போல. உண்மையில் எங்கள் தெருவுக்குக் குழு வர ஒன்பது வருஷம் ஆனது. அதுவும் சும்மா வரவில்லை. ஆயாவின் வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது அஞ்சு வட்டிக்கு வாங்கிய காசுக்கு ஒரு ஜோடி எருது போயிற்று. அதற்கடுத்த மாதம்தான் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். முதல் சேமிப்பு ஆளுக்கு 20 ரூபாய். அதுகூட இல்லாதவர்கள் தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாகப் போட்டு, மாதக் கடைசியில் விற்றுக் கட்டினார்கள். இப்போது ஆளுக்கு 200.

கண்காட்சி வாசலில் பூ விற்கும் அக்கா ஒருவர் மதியம் வெயிலுக்கு எங்கள் ஸ்டாலில் வந்து ஒதுங்கினார். சூளைமேட்டுப் பக்கம் வீடு. புளியைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் கீது, சாயங்காலம் யாவாரம் ஆனா வாங்கினு போறேன்" என்றார். பேச்சு வாக்கில், பைக்கில் ஒருவன் வந்து நின்றான். அக்கா மடியிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அவன் ஒரு சின்ன அட்டையில் கிறுக்கிவிட்டுப் போனான். தண்டல்.

எங்கள் ஊரில் இந்தச் சொல் இல்லை, ஆனால் வேலை புரிந்தது. பத்தாயிரம் என்று எழுதுவார்கள். கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐம்பதாவது நாள் அந்த அக்காவிடம் இருப்பது பாதிப் பணம்கூட இல்லை. அப்படிப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு ஏறக்குறையப் பத்து ரூபாய் வட்டி. எங்கள் குழுவில் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயும் குழு நிதிக்கே திரும்பி வருகிறது.

"ஏன்க்கா, குழுவுல சேரலியா?" என்று சித்தி கேட்டார்.

"இருந்தேனே! பதினாலு பேரு. ஆத்தோரம் இருந்த வூட்டையெல்லாம் எடுத்துட்டு பாதிப் பேரப் பெரும்பாக்கம் அனுப்ட்டாங்கோ. அவங்க ரெண்டு பஸ்ஸு மாறி மீட்டிங்குக்கு வரணும். ஒரு மாசம் வந்தாளுங்க, ரெண்டு மாசம் வந்தாளுங்க. அவ்ளோதான், பூட்ச்சு."

ஆயா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் மெதுவாக, "நம்ம ஊர்ல ஓடணும்னாலும் ஓட முடியாது" என்றார். மாமியார் வீடு, மாட்டுக் கொட்டாய், குலதெய்வம் எல்லாம் ஒரே தெருவில். அதைத்தான் வங்கிக்காரர்கள் எங்களிடம் ஜாமீனாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பத்திரம் கேட்பதில்லை என்பது உண்மைதான். 10 லட்சம் வரை குழுக் கடனுக்குப் பிணையும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. (எங்கள் கிளையில் முடக்கினார்கள். எட்டு மாதம் அலைந்தோம். அது வேறு கதை.) ஆனால் ஊரை விட்டு ஓட முடியாது என்பது ஒரு பெரிய பத்திரம். அதில் அழகும் இருக்கிறது, கழுத்தைப் பிடிப்பதும் இருக்கிறது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரும் ஒரே தெரு. அதன் பொருளை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விற்பனை 2,300. புளி நகர ஆரம்பித்திருக்கிறது.

மூன்றாம் நாள்

இன்று நான் ஸ்டாலுக்கு மட்டம் போட்டேன். ஆயாவையும் கூட்டிக்கொண்டு திரூர் போனேன். மெரினா பார், வண்டலூர் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் போட்டித் தேர்வுப் புத்தகத்தில் படித்த ஒரு வரி மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது: நாட்டின் முதல் கூட்டுறவு வேளாண் கடன் சங்கம் 1904 இல் திருவள்ளூர் அருகே திரூரில் பதிவு செய்யப்பட்டது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம் என்றால் போகாமல் எப்படி?

செவ்வாப்பேட்டையில் இறங்கி ஆட்டோ. நாங்கள் போன நேரம் மதியச் சாப்பாட்டு வேளை. சங்கத்துக்கு வெளியே மர நிழலில் நகைக் கடனுக்கு வந்த இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆயாவும் அவர்களோடு உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்தார். சுற்றுலாத் தலம் என்று எதுவும் இல்லை. நெல் வயலும் வெயிலும்.

ஆயாவுக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது. மெட்ராஸ் அரசாங்கம் 1890களில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இங்கே குடியானவர்கள் வட்டிக் கடையில் அழிந்துகொண்டிருந்தார்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி. அவர் 1895 இலும் 1897 இலும் இரண்டு தடித்த அறிக்கைகள் கொடுத்தார். அத்தனை பக்கங்களின் சாரத்தையும் இரண்டே சொல்லில் சொன்னார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். ரைஃபைசன் ஜெர்மனியில் ஒரு கிராமத்து மேயர். அவர் ஏற்படுத்திய கடன் சங்கங்களில் ஒரே ஊர்க்காரர்கள் மட்டும்தான் சேரலாம். ஒருவர் கட்டாவிட்டால் எல்லோரும் பொறுப்பு. அதனால் யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திரூர். நகரத்துக்காரர்களும் சும்மா இல்லை, அதே 1904 இல்தான் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இன்றைக்குக் காமதேனு அங்காடி நடத்துகிறார்களே, அவர்கள்தான்.

ஆயா கேட்டது ஒரே கேள்வி. "அதுல பொம்பளைங்க இருந்தாங்களா?"

எனக்கு விடை தெரியவில்லை, ஆனால் ஆயாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கள் ஊர் சொசைட்டியில் பயிர்க் கடன் வாங்கப் பட்டா வேண்டும், சிட்டா வேண்டும். பட்டா தாத்தா பேரில், அவருக்குப் பிறகு மகன்கள் பேரில். நாற்று நட்டதும் களை பறித்ததும் ஆயா. "சொசைட்டிப் படி ஏறுனதே சக்கரை வாங்கத்தான்" என்றார். நூறு வருஷத்துக்குப் பிறகு குழு என்று ஒன்று வந்ததில் புதிதாக என்ன இருக்கிறது, ரைஃபைசன் சொன்னதுதானே என்று கேட்பவர்களுக்கு ஆயாவின் இந்த ஒரு வாக்கியத்தைக் காட்டலாம். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992 இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தபோது மாற்றியது இதைத்தான். நிலம் கேட்காதே, ஆறு மாதக் கூட்ட நோட்டைக் காட்டச் சொல்.

மரத்தடியில் இருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் கலந்துகொண்டார். 2021 இல் கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கிய கடன் 2,756 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார்களே, உங்களுக்கு எவ்வளவு வந்தது என்றார். ஆயா முகம் சுருங்கியது. எங்கள் கடன் வணிக வங்கியில். தள்ளுபடி எங்களுக்கு இல்லை. பக்கத்துத் தெருக் குழு கூட்டுறவில் வாங்கியிருந்தது, அவர்களுக்கு அடித்தது யோகம். நாங்கள் கடைசித் தவணை வரை கட்டினோம். அந்த வருஷம் கூட்டத்தில் "ஒழுங்கா கட்டுறவங்கதான் ஏமாளி" என்று ஒருத்தி சொன்னதும் அதற்குச் சித்தியால் பதில் சொல்ல முடியாமல் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போதுதான் நான் கணக்கு எழுத வந்திருந்தேன்.

திரும்பும் ரயிலில் ஆயா தூங்கிவிட்டார். வளாகத்துக்கு வந்தால் சித்தி கடுகடுவென்று இருந்தார். ஆள் குறைவால் இரண்டு பேர் புளி வாங்காமல் போய்விட்டார்களாம். அதைவிட, தையல் அக்காவின் போன் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்ததாம்.

நான்காம் நாள்

இன்று பத்தாம் தேதி.

அக்காவின் போன் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தது. பார்ப்பார், சைலண்டில் போடுவார், பிஸ்கட் டின்னுக்குள் வைப்பார். டின்னுக்குள் கிடந்து அதிரும். பண்ருட்டியம்மா, "பொம்மை விழுந்துடப் போகுதும்மா, எடுத்துதான் பேசேன்" என்றார். பத்து மணிக்கு அக்கா அழுதுவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் குழு தவிர வேறு இரண்டு "குழு"க்களில் அக்கா கடன் வாங்கியிருக்கிறார். இரண்டும் தனியார் மைக்ரோ பைனான்ஸ். ஒன்றுக்கு வாரம் 700, இன்னும் 28 வாரம் பாக்கி. இன்னொன்றுக்கு மாதம் 2,900. சேர்த்துப் பார்த்தால் மாதம் 5,700. தையலில் வருவது நல்ல மாதத்தில் 8,000. பெங்களூரில் பெயிண்ட் வேலை செய்யும் வீட்டுக்காரர் அனுப்பினால் உண்டு. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022 இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. வருமானம் எவ்வளவு என்று படிவத்தில் எழுதியவர் யார் என்று அக்காவுக்கே தெரியாது.

நான் வசூல்காரன்தான் மிரட்டுகிறான் என்று நினைத்தேன். போனை வாங்கிப் பார்த்தால் 23 மிஸ்டு கால், அதில் வசூல்காரனுடையது மூன்றுதான். மீதி எல்லாம் அந்த வாரக் குழுவில் அக்காவோடு இருக்கும் பெண்களுடையவை. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. அவருடைய 700 ரூபாயை மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டிய பிறகுதான் அவர்களை எழுந்திருக்க விட்டிருக்கிறார்கள். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025 இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டு "உங்காசு நான் கட்டுனேன், எம்புள்ள பீஸுக்கு வெச்சிருந்தது" என்று அழுதால் அது எந்தப் பிரிவில் வரும்?

அதற்கும் பேர் குழு, இதற்கும் பேர் குழு. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். அந்தக் குழுவில் சேமிப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசுகிற பேச்சு கிடையாது. ஒருவருக்கொருவர் ஜாமீன் என்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து நிமிஷத்தில் வசூல் முடிந்து பைக் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும்: மகளின் காலேஜ் பீஸுக்கு அக்கா முதலில் கேட்டது எங்கள் குழுவைத்தான். வங்கிக் கடன் புதுப்பிக்க ஐந்து மாதம் ஆகும் என்று சித்தி சொன்னார். நானேதான் அதை நோட்டில் எழுதினேன். பைக்கில் வந்த பைனான்ஸ்காரன் ஒரு வாரத்தில் கொடுத்தான்.

சாயங்காலம் சித்தி ஒரு முடிவுக்கு வந்தார். "கூட்டம் இன்னிக்கு நடக்கும். எங்க வெச்சு நடத்தலாம், சத்தமில்லாத இடமா சொல்லு." சென்னையில் எட்டு மணிக்குச் சத்தமில்லாத இடம்! மெரினா என்றேன். கடல் பார்த்த மாதிரியும் இருக்கும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாத விடியல் பயண பஸ்ஸில் போய் இறங்கினோம். ஆயா முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார். இருட்டு. "சத்தம் மட்டுந்தான் வருது" என்று குறைப்பட்டார். சுண்டல் வண்டி விளக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்தோம். எட்டரைக்கு வீடியோ கால். அந்தப் பக்கம் கோயில் திடல், டியூப்லைட், ஒன்பது பேர், நடுவில் ஒரு நாய்.

வருகை எடுத்தேன். சேமிப்பு: இங்கே மூன்று பேர் 600, அங்கே ஒன்பது பேர் 1,800. சித்தி ரூபாய் நோட்டுகளை மடியில் எண்ணி வைக்கும்போது காற்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக, சுண்டல்காரத் தம்பி ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தான். பிறகு கடன் மனு. வங்கியில் இருப்பு 31,000. இந்த மாதம் ஒரே ஒரு மனு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்: கறவை மாடு வாங்க 30,000. கேட்டவர் எங்கள் பின் வீட்டு அத்தை. இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்.

தையல் அக்கா போனை வாங்கித் தானே சொன்னார். மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு மாட்டு அத்தையின் குரல்: "அவ வெளிய வாங்குனதுக்கு எங்குழுக் காசா? எனக்கு மாடு பேசி அட்வான்ஸ் குடுத்தாச்சு."

இருபது நிமிஷம் சண்டை. அதில் பாதியை இங்கே எழுத முடியாது, எழுதினால் ஊருக்குள் போக முடியாது. மகளின் படிப்பை இழுத்தார்கள், பழைய கல்யாணச் சீர் ஒன்றை இழுத்தார்கள். ஆயா மட்டும் ஒரு தடவைதான் பேசினார். "வாரக்காசு கட்டுறவளுக்கு நம்ம சந்தா கட்ட வராது. சந்தா நின்னா நோட்டு நிக்கும்."

முடிவானது இது: அக்காவுக்கு 20,000. அதில் வாரக் கடனை முழுதாக அடைத்துவிட வேண்டும். மாதம் 1,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது மாதம். மற்றக் கடனின் அட்டையை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அடுத்த மாத முதல் கடன் மாட்டுக்கு, வேறு மனு எடுக்கக் கூடாது. அட்வான்ஸ் போகாமலிருக்க மாட்டுக்காரரிடம் சித்தியே பேசுவார்.

எழுதி முடித்தேன். இங்கே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்து ஒன்பது பேருக்கு இடம் விட்டு, "ஊருக்குப் போனதும் வாங்கிக்கலாம்" என்றேன். ஆயா என் கையைப் பிடித்தார்.

"வெத்து இடம் விடாத."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்திக்கு முன்னால் இருந்த ஊக்குநர் காலத்தில் நடந்தது அது. நான் பள்ளிக்கூடம் போன வயது. வெறும் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மேலே எழுதி, பன்னிரண்டு பேரும் கேட்காத கடனை வங்கியிலிருந்து எடுத்திருக்கிறார். ஆயா தோடு விற்றுத் தன் பங்கைக் கட்டினார். கட்டி முடித்த அன்று அவர் கேட்டது, "இனி நான் படிச்சுட்டுத்தான் போடுவேன், எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுங்க" என்பது.

அதனால் இப்படிச் செய்தோம். அங்கே எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்தாள். நான் தீர்மானத்தை வரி வரியாகச் சொன்னேன், அவள் எழுதி, சத்தமாகத் திருப்பிப் படித்தாள். ஒன்பது பேரும் அதன் கீழே போட்டார்கள். போட்டோ வந்தது. தாளைச் சாமி உண்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள், நாங்கள் போனதும் நோட்டில் ஒட்ட வேண்டும்.

மணி பத்தரை. சுண்டல் ஆறிவிட்டது. திரும்பும்போது பஸ் இல்லை, ஆட்டோ 250.

ஐந்தாம் நாள்

கடைசி நாள் கூட்டம் நன்றாக இருந்தது. புளி முழுதும் போய்விட்டது. மேற்கு மாம்பலத்து மாமி ஒருவர் மாதம் பத்து கிலோ பார்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டார். சாமை ஆறு கிலோ மீதி. சென்னைக்காரர்கள் சாமையைக் கையில் எடுத்து, டாக்டர் சொன்னார் என்று சொல்லி, பிறகு கீழே வைத்துவிடுகிறார்கள்.

மொத்த விற்பனை 14,870. சாப்பாடு, வண்டி, ரயில், நேற்று ராத்திரி ஆட்டோ எல்லாம் சேர்த்துச் செலவு 4,310. பொருள் கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது போக எங்களுக்கு மிஞ்சுவது அதிகம் இருக்காது. அடுத்த வருஷமும் வருவோமா என்று கேட்டேன். சித்தி மாமியின் நம்பரைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டே, "வராம?" என்றார்.

பூக்கார அக்கா அரைக் கிலோ புளி வாங்கினார். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போகும்போது ஆயா தலையில் ஒரு முழம் கனகாம்பரத்தை வைத்துவிட்டு, பெரும்பாக்கத்துக்காரிகள் இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், ஒருத்தி எடுத்தாள் என்றார். தண்டல்காரன் பைக்கில் வந்தான். அக்கா நூறு கொடுத்தார்.

இப்போது சென்ட்ரலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. தையல் அக்காவின் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். "செவ்வாக்கிழமை வரேன்க்கா. உன் காசு தனியா வெச்சிருக்கேன், முதல்ல அதை வாங்கிக்க" என்றார்.

அது முடிந்ததும் சித்தியின் போன். மாட்டு அத்தை. அடுத்த மாதம் முதல் கடன் தனக்குத்தான் என்று நோட்டில் இருக்கிறதா, இல்லை வாயால் சொன்னதோடு சரியா என்று கேட்டார். இருக்கிறது என்றார் சித்தி. "படிக்கச் சொல்லு."

பையைத் திறந்து, முறுக்கு டின்னை நகர்த்தி, நோட்டை எடுத்துப் பிளாட்பாரத்தில் நின்றபடி படித்தேன். மெரினா மணல் பக்கத்துக்குள் இருந்து உதிர்ந்தது.

"தேதியையும் படி" என்றார் அத்தை.